மின் சந்திப்புப் பெட்டி

மின் சந்திப்புப் பெட்டி என்பது மின்கம்பிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும் இடத்தை மூடிப் பாதுகாக்கும் உறை ஆகும். இரும்புத் தகடு, வார்ப்பிரும்பு, அலுமினியம் அல்லது நெகிழியால் செய்யப்படும் இப்பெட்டியில் கம்பிகள் நுழைய வாய்களும், கழற்றி மாட்டக்கூடிய மூடியும் இருக்கும். தமிழ்நாட்டில் மின்பணியாளர்களும் எலக்ட்ரிக்கல் கடைக்காரர்களும் இதை ஜங்ஷன் பாக்ஸ் என்றே குறிப்பிடுகின்றனர். இணைப்புப் பெட்டி என்ற பெயரும் வழக்கில் உண்டு.

மின்சாரம் வீட்டுக்குள் வந்து பல சுற்றுகளாகப் பிரியும் இடத்தில் உள்ள பகிர்மானப் பெட்டியும் இதுவும் ஒன்றல்ல. அந்தப் பெட்டியில் சுற்றுமுறிப்பான்கள் இருக்கும். சந்திப்புப் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தவோ அளக்கவோ கட்டுப்படுத்தவோ எந்தக் கருவியும் இல்லை. அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். வீட்டு மின்வேலையில் எளிதாகக் கைவிடப்படும் பொருளாக அது இருப்பதற்கு இதுவே காரணம். அதன் தேவை இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் தெரிவதில்லை. இணைப்பு கெடும் நாளில்தான் தெரிகிறது.

இணைப்பு ஏன் பலவீனமான இடம்

முறிவில்லாத ஒரு செப்புக் கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது அதன் நீளம் முழுவதும் சிறிதளவு வெப்பம் சீராகப் பரவுகிறது. இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் நிலைமை வேறு. அங்கு உலோகத்தோடு உலோகம் உண்மையில் தொடுவது சில புள்ளிகளில் மட்டுமே. திருகு சற்றுத் தளர்ந்தாலோ, செம்பின் மேல் ஆக்சைடு படிந்தாலோ, ஈரம் புகுந்து அரித்தாலோ தொடும் பரப்பு மேலும் குறையும். அந்த ஓரிடத்தின் மின்தடை கூடும். மின்தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வருவது என்பது பள்ளிப் பாடத்தில் உள்ள ஜூல் விதி.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். 2000 வாட் வெந்நீர்க் கொதிகலன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதன் கம்பிப் பாதையில் ஓர் இணைப்பு தளர்ந்து அங்கு வெறும் அரை ஓம் மின்தடை உண்டானால், அந்த ஒரு புள்ளியில் 35 வாட்டுக்கும் அதிகமான வெப்பம் தோன்றும். மின்னணுப் பழுது பார்ப்போர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சாதாரண பற்றவைப்புக் கோல் 25 வாட் அளவுடையது. அதைவிடச் சூடான ஒன்று சுவருக்குள், கம்பியின் நெகிழி உறையை ஒட்டி, கொதிகலன் ஓடும் நேரமெல்லாம் கனன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். வீட்டுக் கம்பிகளின் பிவிசி உறை 70 பாகை செல்சியசு வரையிலான தொடர் பயன்பாட்டுக்கு ஏற்றது. அதற்கு மேல் அது இளகும், கருகும், பிறகு எரியும். எரியும்போது நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும்.

சூடு இணைப்பை மேலும் கெடுக்கிறது. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மீண்டும் விரியும் உலோகம் திருகின் பிடியிலிருந்து மெல்ல நழுவுகிறது. செம்பின் மேல் குப்ரசு ஆக்சைடு வளர்ந்த சில இணைப்புகளில் அந்த ஆக்சைடே செந்தணலாக ஒளிர்ந்தபடி மின்னோட்டத்தைக் கடத்துவதும் உண்டு. அலுமினியக் கம்பியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அது செம்பைவிட அதிகமாக விரிகிறது; அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்துவதில்லை; திருகின் அழுத்தத்தில் உலோகமே மெல்ல ஒழுகி இடம்விடுகிறது. அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை கட்டப்பட்ட பல வீடுகளில் அலுமினியக் கம்பி போடப்பட்டு, அவற்றின் இணைப்புகள் தீ விபத்துகளுக்குக் காரணமானதால் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டின் பழைய வீடுகளிலும் அலுமினியக் கம்பிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றோடு புதிய செப்புக் கம்பியைக் கையால் முறுக்கிச் சேர்ப்பது மிக மோசமான இணைப்பு என்று சொல்லலாம். இரு உலோகங்களுக்கிடையே ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பும் அங்கே சேர்ந்துகொள்ளும்.

முறிப்பான் ஏன் உதவுவதில்லை

வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஆர்.சி.சி.பி. இருக்கிறது, பிறகு பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் மேலே சொன்ன கொதிகலன் கணக்கில் மின்னோட்டம் கூடவே இல்லை. தளர்ந்த இணைப்பின் தடையால் அது சற்றுக் குறைந்துதான் இருக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. தன் அளவைத் தாண்டும் மின்னோட்டத்துக்கு மட்டுமே விழும். ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபடுகின்றனவா என்று பார்க்கிறது. இங்கு எதுவும் நிலத்துக்குக் கசியவில்லை, இரண்டும் சமமாகவே இருக்கின்றன. மின்னழுத்தம் நாலைந்து வோல்ட் குறைவதை வீட்டில் யாரும் உணரப்போவதில்லை. தண்ணீரும் வழக்கம்போல் சூடாகிறது.

தீப்பொறியை உணர்ந்து நிறுத்தும் முறிப்பான்களும் உள்ளன. அமெரிக்காவின் தேசிய மின் நெறி 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் படுக்கையறைகளுக்கு அவற்றைக் கட்டாயமாக்கி, 2002 சனவரி முதல் நடைமுறைக்கு வரச் செய்தது. ஆயினும் பொறி பறக்காமல் அமைதியாகச் சூடேறும் இணைப்பை அவையும் நேரடியாக உணர்வதில்லை. இந்திய வீடுகளில் அவை அரிது.

ஆகவே கெட்டுப்போன இணைப்புக்கும் அதைச் சுற்றியுள்ள மரம், திரைச்சீலை, பொய்க்கூரை ஆகியவற்றுக்கும் இடையே நிற்பது பெட்டியின் சுவர் ஒன்றே. அந்தச் சுவர் வெப்பத்தையும் பொறியையும் உள்ளேயே அடக்க வேண்டும். உருகிய நெகிழித் துளி வெளியே விழாமல் தாங்க வேண்டும். தானும் எரியக்கூடாது. நெகிழிப் பெட்டிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60670, பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் பெட்டியின் மேல் அழுத்திப் பார்க்கும் சோதனையை வைத்திருக்கிறது. மின்னோட்டம் பாயும் பாகங்களைத் தாங்கும் பகுதிகளுக்கு அந்தக் கம்பியின் வெப்பநிலை 850 பாகை செல்சியசு. கம்பியை எடுத்தபின் தீப்பிடித்த பகுதி 30 விநாடிகளுக்குள் தானே அணைய வேண்டும். இந்தியாவில் இத்தகைய உறைகளுக்கு ஐ.எஸ். 14772 என்ற தரம் உள்ளது. நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தரமுத்திரை இல்லாத பெட்டிகள் இந்தச் சோதனையைத் தாங்குமா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தோற்றமும் வளர்ச்சியும்

மின்விளக்கு பரவிய 1880களில் வீட்டுக் கம்பிகளுக்குப் பெட்டி இல்லை. அமெரிக்காவில் பீங்கான் குமிழ்களிலும் குழாய்களிலும் கம்பிகளைத் தனித்தனியே இழுத்துச் சென்றனர். இணைப்புகளை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, துணிநாடா சுற்றித் திறந்த வெளியிலேயே விட்டனர். சுற்றிலும் காற்று இருந்ததால் சூடு எளிதில் ஆறியது என்பது அம்முறையின் ஒரே நன்மை. 1897இல் அமெரிக்கத் தேசிய மின் நெறியின் முதல் பதிப்பு வெளிவந்தது. கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் செலுத்தும் பழக்கம் வந்த பிறகு, குழாய்கள் சேரும் இடத்தில் இரும்புப் பெட்டி இயல்பாகவே தேவைப்பட்டது. லியோ பேக்லாண்டு 1907இல் உருவாக்கிய பேக்கலைட்டு, மின்சாரம் கடத்தாத, சூட்டில் இளகாத பெட்டிகளுக்கு வழி செய்தது. பிரித்தானிய வீடுகளின் மரத்தளத்துக்கடியில் பழுப்பு நிற வட்டமான பேக்கலைட்டுப் பெட்டிகளை இன்றும் காணலாம்.

தமிழ்நாட்டில் மரச்சட்டத்தின் மேல் கம்பியைக் கிளிப் அடித்து ஓட்டிய காலத்தில் வட்ட மரக்கட்டையும் தேக்குமரச் சுவிட்சுப் பெட்டியும் இந்த வேலையைச் செய்தன. எரியக்கூடிய மரத்தால் ஆனவை அவை என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கும்.

வீடு கட்டும்போது

இன்றைய காங்கிரீட்டு வீட்டில் சந்திப்புப் பெட்டியின் இடம் கூரை போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட்டு கொட்டுவதற்கு முன், மின்பணியாளர் பிவிசி குழாய்களைக் கம்பிகளுக்கிடையே ஓட்டி, விளக்கும் மின்விசிறியும் வரும் இடங்களில் ஆழமான பெட்டிகளைப் பலகையோடு ஒட்டி வைப்பார். கூரையின் தடிமனுக்குள் மேலே செல்லும் குழாயோடு சேர வேண்டியிருப்பதால் அவை ஆழமாக உள்ளன. மின்விசிறிக்கானதில் கூரைக் கம்பியோடு சேரும் கொக்கியும் இருக்கும். சிமெண்டுப் பால் உள்ளே இறங்கிக் குழாயை அடைத்துவிடாமல் இருக்கப் பெட்டிக்குள் காகிதத்தையோ மணலையோ திணிப்பது வழக்கம். சில மணி நேர வேலையில் காட்டும் இந்தக் கவனம்தான் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அந்தக் குழாயில் கம்பி போகுமா போகாதா என்பதைத் தீர்மானிக்கிறது. பிறகு பலகை பிரித்ததும் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிங் விட்டுக் கம்பி இழுக்கின்றனர்.

நீண்ட பாதையிலும் அதிக வளைவுகள் உள்ள பாதையிலும் இடையே ஒரு பெட்டி வைப்பது கம்பியை இழுப்பதற்காகவே. அதில் இணைப்பு எதுவும் இல்லாமலும் போகலாம். இந்தியாவில் பின்பற்றப்படும் முறையில், கம்பியை நடுவழியில் வெட்டி ஒட்டாமல், சுவிட்சிலிருந்து சுவிட்சுக்கு வளையமாகவே கொண்டுசெல்வது சிறந்ததாகக் கருதப்படுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகளும் இதையே வலியுறுத்துகின்றன. நடுவே இணைப்பு தவிர்க்க முடியாததானால், எளிதில் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் மட்டுமே அது இருக்கலாம். குழாய்க்குள் முறுக்கி நாடா சுற்றிய இணைப்பை இழுத்துவிடுவது எந்த நெறியும் ஏற்காத ஒன்று. ஆனால் பழைய வீட்டில் குழாயிலிருந்து கம்பியை உருவும்போது இப்படிப்பட்ட முடிச்சுகள் வருவதைப் பார்க்காத மின்பணியாளர் இருக்க மாட்டார்.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்

பெட்டிக்குள் கம்பிகளைத் திணித்து மூடியை அழுத்தித் திருகுவது அடிக்கடி நடக்கும் தவறு. அழுத்தத்தில் கம்பியின் உறை பெட்டியின் விளிம்பில் உரசிக் கிழியலாம், இணைப்பி கழன்றுகொள்ளலாம், வெப்பம் வெளியேறவும் இடம் இருக்காது. எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அமெரிக்க நெறி கணக்காகவே தருகிறது. 2 சதுர மி.மீ.க்குச் சற்று அதிகமான குறுக்குப் பரப்புள்ள, அங்கு 14ஆம் எண் எனப்படும் கம்பி ஒவ்வொன்றுக்கும் 2 கன அங்குலம் வேண்டும். சில எர்த் கம்பிகள் இருந்தால் அவை அனைத்தும் சேர்ந்து ஒரு கம்பியாகவும், ஒரு சுவிட்சு இரண்டு கம்பிகளாகவும், உள்ளிருக்கும் பிடிப்பான்கள் ஒரு கம்பியாகவும் எண்ணப்படும். ஒரு சுவிட்சுக்கு எர்த்துடன் கூடிய இரு கம்பிக் கேபிள்கள் இரண்டு வந்தால், நான்கு கம்பிகளுக்கு 8, எர்த்துக்கு 2, சுவிட்சுக்கு 4, பிடிப்பானுக்கு 2 என மொத்தம் 16 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 262 கன செ.மீ. தேவைப்படும். இந்தக் கணக்கு இந்தியாவில் சட்டமல்ல. ஆனாலும் பெட்டி வாங்கப்போகும் எவருக்கும் இது நல்ல அளவுகோல்.

அதே நெறி, பெட்டிக்குள் ஒவ்வொரு கம்பியிலும் குறைந்தது 6 அங்குலம் தளர்வாக விடச் சொல்கிறது. இது வீண் செலவல்ல. ஒருமுறை கருகிய நுனியை வெட்டிவிட்டு மறுபடி இணைக்க நீளம் வேண்டும். நீளம் இல்லாதபோதுதான் ஒட்டுக்கம்பி போட்டு இன்னோர் இணைப்பை உண்டாக்க நேர்கிறது.

திறந்து பார்க்க முடிய வேண்டும்

அடக்கி வைப்பது பெட்டியின் ஒரு வேலை. தேவைப்படும்போது இணைப்பைக் காட்டுவது அதன் இன்னொரு வேலை. மூடியின் மேல் பூச்சு பூசி மறைத்துவிட்டால் முதல் வேலை நடக்கும், இரண்டாவது நடக்காது. அழகு கருதிப் பெட்டியை மறைப்பதும், பொய்க்கூரை போடும்போது பழைய பெட்டிகளை அப்படியே மேலே விட்டு மூடுவதும் இப்போது அதிகமாகி வருகின்றன. பத்தாண்டு கழித்து ஓர் அறையில் மின்சாரம் நின்றால் பழுது எங்கே என்று தேடச் சுவரைக் கொத்த வேண்டியிருக்கும். மூடியைச் சுவரின் நிறத்திலேயே வண்ணம் அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது. அதற்கு மேல் மறைக்கத் தேவையில்லை.

இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. பிரித்தானிய நெறியில், பராமரிப்புத் தேவைப்படாதவை எனச் சான்று பெற்ற, திருகுக்குப் பதில் வில்லழுத்த இணைப்பிகள் கொண்ட பெட்டிகளை எட்டாத இடத்திலும் வைக்கலாம். திருகு காலப்போக்கில் தளரும், வில் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்பது அதன் அடிப்படை. பிசின் ஊற்றி இறுக்கிய நிலத்தடிக் கேபிள் இணைப்புகளும் விலக்கில் அடங்கும். ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் இணைப்பு இந்த வகைக்கு உழவர்கள் நன்கறிந்த உதாரணம். பெட்டி வைக்க இடமில்லாத அந்தக் குழிக்குள் இணைப்பு நாடாவாலோ சுருங்கு குழலாலோ நீர் புகாமல் மூடப்படுகிறது. அது கெட்டால் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கும் வசதியின் அருமை அப்போது புரியும்.

எர்த்தும் வாய்களும்

உலோகப் பெட்டிக்குக் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும். உறை கிழிந்த ஃபேஸ் கம்பி பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும்போது பெரும் மின்னோட்டம் பாய்ந்து முறிப்பான் விழும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் நடக்காதது போல் பெட்டி 230 வோல்ட்டில் காத்திருக்கும். நெகிழிப் பெட்டிக்கு எர்த் தேவையில்லை. ஆனால் உள்ளே வரும் எர்த் கம்பிகளை ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும். தட்டினால் உடைந்து திறக்கும் வாய்களில் தேவையானதை மட்டும் திறப்பது, தகட்டின் கூரிய விளிம்பில் ரப்பர் வளையம் மாட்டுவது, கேபிளை இழுத்தால் இணைப்பு வரை இழுவை போகாமல் கிளாண்டு போட்டு இறுக்குவது ஆகியவை சிறு வேலைகள்தாம். பயன்படுத்தாத வாயைத் திறந்தே விட்டால் எறும்பும் பல்லியும் குடிபுகும்.

மழையும் வெயிலும்

வெளியில் வைக்கும் பெட்டியின் காப்புத்திறன் ஐபி என்ற குறியீட்டால் அளக்கப்படுகிறது. முதல் இலக்கம் தூசுக்கும் திடப்பொருளுக்கும், இரண்டாவது தண்ணீருக்கும் உரியது. ஐபி 44 தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபி 65 தூசு அறவே புகாதது, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்குவது. ஐபி 67 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாதது. வாங்கும்போது பெட்டியில் இருந்த இந்த எண், கேபிள் நுழையும் வாயை ஒழுங்காக மூடாவிட்டால் பொருளற்றதாகிவிடும். கேபிளைப் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைப்பதும், நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொய்வு விடுவதும் நல்லது. வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். முழுக்க அடைத்த பெட்டியிலும், பகல் வெயிலில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுப்பதால் நீர் கோத்துக்கொள்வது உண்டு. திருவிழாப் பந்தலில் இணைப்பின் மேல் பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டுவது இந்த நீரைத் தேக்கி வைக்கவே உதவுகிறது.

நிலத்தடிக் கேபிள் உள்ள தெருக்களில் நிற்கும் பில்லர் பாக்ஸ்களும் மின்கம்பி இணைப்புகளைக் காக்கும் உறைகளே. அவற்றின் கதவு உடைந்து கிடப்பதும், அடிப்பாகம் மழைநீரில் மூழ்குவதும், கேபிள் மண்ணுக்கு மேலே வெளிப்பட்டுக் கிடப்பதும் சாலையில் நடப்பவர் உயிருக்கே ஆபத்தானவை. 2017 நவம்பர் தொடக்கத்தில் சென்னை கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்கம்பியை மிதித்து இரு சிறுமியர் உயிரிழந்தனர். தண்ணீர் தேங்கிய தெருவில் இத்தகைய பெட்டிகளிலிருந்து விலகி நடக்கச் சொல்வது ஒவ்வொரு மழைக்காலத்திலும் குழந்தைகளுக்கு நினைவூட்டத் தக்கது.

சிறப்பு வகைகள்

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பயன்படும் தீத்தடுப்புப் பெட்டி வேறு தத்துவத்தில் இயங்குகிறது. எரிவாயு உள்ளே புகுவதை அது முற்றாகத் தடுக்க முயல்வதில்லை. புகுந்த வாயு உள்ளே வெடித்தாலும் உடையாத தடித்த சுவர் அதற்கு உண்டு. மூடிக்கும் உடலுக்கும் இடையே துல்லியமாகக் கடைந்த குறுகிய இடைவெளி வழியாக வெளியேறும் வாயு, வெளியே வருவதற்குள் குளிர்ந்துவிடுவதால் வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்காது. அதன் மூடியில் பத்துத் திருகில் ஒன்றை மாட்டாமல் விட்டாலும் பாதுகாப்பு போய்விடும்.

சூரியத் தகடு ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சந்திப்புப் பெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் இணைப்புகளோடு வழக்கமாக மூன்று மாற்றுவழி டையோடுகளும் இருக்கும். மரநிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போக இவை வழிவிடுகின்றன. அப்போது டையோடுகள் சூடாவதால் அந்தப் பெட்டி வெயிலையும் தன் உட்சூட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

பெட்டிக்குள் இணைப்பு கெடுவதைப் பல நேரங்களில் முன்கூட்டியே அறியலாம். மூடியோ சுவிட்சுப் பலகையோ மஞ்சளாகிப் பழுப்பேறுவது, பெரிய கருவியைப் போடும்போது அதே சுற்றிலுள்ள விளக்கு மட்டும் மங்கி மினுக்குவது, மூடியில் காது வைத்தால் மெல்லிய சீறல் கேட்பது ஆகியவை அவற்றுள் சில. சூடான பேக்கலைட்டும் அது போன்ற பிசின்களும் மீன் நாற்றம் போன்ற வாடையை வெளியிடும். சமையலறையில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை சுவரருகே வந்தால் அசட்டை செய்யக்கூடாது. இவற்றில் எது தெரிந்தாலும் அந்தச் சுற்றின் முறிப்பானை இறக்கிவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே முறை. தமிழ்நாட்டில் இவ்வுரிமங்களை மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்குகிறது. மூடியைத் திறக்கும் முன், இறக்கிய முறிப்பான் அந்தப் பெட்டிக்கு உரியதுதானா என்று சோதிக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு சுற்றுகளின் கம்பிகள் இருப்பது அரிதல்ல. ஒன்று நின்றாலும் மற்றொன்றில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.